மதியச் சோற்றுக்குக் காரணம்

பழவேற்காடு,
12.3.2025

தம்பி ரஃபிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் பேசினால் இன்னொரு கால் வருகிறது என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். உன் கேட்டரிங்குக்கு நான் காய்ச்சும் நோன்புக் கஞ்சி அண்டாவோடு டிரைவர் கோபாலிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவர் உன் கையில்தான் கொடுப்பார்.

நேற்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ஆபிதா வந்தாள். நம் தெருக் கோடியில் இருக்கும் அப்துல் ரவூபின் மனைவி. கும்மிடிப்பூண்டியில் நீ சோறு போடும் அந்த ஒயர் கம்பெனியில் கான்ட்ராக்டில் இருக்கிறாள். இருக்கிறாள் என்று எழுதிவிட்டேன். இல்லை. திங்கட்கிழமை நிறுத்திவிட்டார்கள்.

ஆர்டர் குறைவு என்று காகிதத்தில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவளுடைய லைனில் அவள் ஒருத்தியைத்தான் நிறுத்தினார்கள். சூப்பர்வைசர் பார்த்திபன் தனியாகக் கூப்பிட்டு, "நீ ரெஸ்ட் எடும்மா. புள்ள பொறந்தப்புறம் வா, பாக்கலாம்" என்றாராம்.

ஆபிதாவுக்கு மூன்றாம் மாதம். போன தடவை தங்காமல் போனதால் நாலாவது மாதம் வரை யாரிடமும் சொல்வதில்லை என்று இருந்தாள். மாமியாருக்கே தெரியாது. தெரிந்தது அவள் புருஷனுக்கும் எனக்கும்தான். எனக்கு ஏன் சொன்னாள்? நோன்பு பிடிக்க முடியவில்லை, மதியம் ஒரு வாய் சோறு வேண்டும் என்பதற்காக. நான்தான் அவளுக்குக் காரம் குறைத்துத் தனி டப்பா கட்டினேன்.

என் சமையலறை வாசலில் நின்று அவள் கேட்டது இது. "யார்கிட்டக்கா சொன்னே?"

நான் யாரிடமும் சொல்லவில்லை, ரஃபி. சொல்லவில்லை என்று அல்லாஹ் மேல் ஆணையிட்டேன். அவள் நம்பவில்லை. பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் சொன்ன இடம் ஒன்று இருக்கிறது. நீ என் போனில் போட்டுக் கொடுத்தாயே, ஒரு ஆப். டப்பா கட்டும்போது அந்தப் பெண்ணின் நம்பரைத் தட்டி, "மதிய உணவுக்குக் காரணம்" என்ற இடத்தில் ஒன்றைத் தொட வேண்டும் என்றாய். சமையல் வசதிக்குத்தான், உன்னைத் தவிர யாரும் பார்க்க மாட்டார்கள் என்றாய்.

யார் பார்த்தார்கள்? ஒரே ஒரு கேள்விதான். பதில் எழுது.

ஷமீமா


வேப்பம்பட்டு,
14.3.2025

அன்புள்ள அக்கா,

வஅலைக்குமுஸ் ஸலாம். கையால் எழுதி ரொம்ப வருஷமாகிறது. டைப் அடித்து பிரிண்ட் எடுத்திருக்கிறேன்.

ஆபிதா விஷயம் கேட்டு வருத்தமாக இருக்கிறது. ஆனால் நீ பதறுகிற மாதிரி எதுவும் நடக்கவில்லை. ஜனவரியில் கம்பெனியிலிருந்து எல்லா கான்ட்ராக்டர்களுக்கும் ஒரு உத்தரவு வந்தது. என்னென்ன டேட்டா எடுக்கிறீர்கள், அதை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்று சீராய்வு செய்து காட்டினால்தான் ஏப்ரலில் கான்ட்ராக்ட் புதுப்பிப்பார்களாம். போன ரமலானில் எவ்வளவு சோறு மிஞ்சிக் குப்பைக்குப் போனது என்று கணக்கு எழுதிக் காட்டி என்னைத் திட்டியது யார்? நீதான். அதைச் சரி செய்யத்தான் இந்த ஏற்பாடு. எந்த ஷிஃப்டில் யார் சாப்பிடுவார்கள், யார் சாப்பிட மாட்டார்கள், ஏன், எத்தனை நாளைக்கு என்று தெரிந்தால் அளவாகச் சமைக்கலாம். வாரம் ஒரு ரிப்போர்ட் போகிறது. அவ்வளவுதான்.

அந்த ரிப்போர்ட்டில் பெயர் கிடையாது, அக்கா. நம்பர் மட்டும்தான். பெயர் இல்லாத டேட்டாவை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. இது உலகம் முழுக்க இருக்கிற நடைமுறை. பார்த்திபன் சார் குடும்பஸ்தர். அந்தப் பெண் வேலையில் வாந்தி எடுத்ததைப் பார்த்து ஊகித்திருப்பார்.

நோன்பு நேரத்தில் மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. சுகரைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
ரஃபி


பழவேற்காடு,
15.3.2025

ரஃபி,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நம்பர் மட்டும்தானா? அந்த நம்பரைத்தான் கயிற்றில் கோத்து அந்தப் பெண்களின் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். கேட்டில் காட்டி உள்ளே போகிறார்கள், காட்டி வெளியே வருகிறார்கள். பார்த்திபனுக்கு அவளுடைய பெயர் மறந்தாலும் நம்பர் மறக்காது. நான் பள்ளிக்கூடம் அஞ்சாவதோடு நின்றவள். எனக்குத் தெரிகிற இது உனக்குத் தெரியாது என்று சொல்லாதே.

நானும்தான் கணக்கு எழுதுகிறேன். அரிசி எவ்வளவு வந்தது, எண்ணெய் எவ்வளவு போனது, அண்டாவில் எவ்வளவு மிஞ்சியது. அரிசிக்கு மானம் இல்லை, எழுதலாம். மாதா மாதம் தொழாத நாட்களில் ஒரு பெண் நோன்பு விடுவது அல்லாஹ்வுக்கும் அவளுக்கும் நடுவில் உள்ளது. அந்த நாட்களில் அவர்கள் சாப்பிடுவது ஆண்கள் கண்ணில் படக் கூடாது என்றுதான் வெளியே எழுதாத டப்பாவில் கட்டி, கஞ்சிப் பாத்திரங்களுக்கு அடியில் வைத்து அனுப்பினேன். நான் மறைத்து மறைத்து அனுப்பியதை நீ வரிசை போட்டு அவனுக்கு அனுப்பியிருக்கிறாய். எந்தப் பெண்ணுக்கு எந்தத் தேதி என்று பார்த்திபன் படித்திருக்கிறான். உன் பெண்டாட்டியின் தேதியை இப்படி ஒருவன் படித்தால் நீ சும்மா இருப்பாயா? எழுதும்போதே எனக்குக் கூசுகிறது. உனக்குக் கூசட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இன்னொன்று கேள். விஷயம் கம்பெனி பஸ்ஸில் பரவிவிட்டது. நேற்று டப்பாக்கள் அப்படியே திரும்பி வந்தன. கோபாலிடம் கேட்டேன். "யாருமே எடுக்கலக்கா. தண்ணிகூடக் குடிக்காம குந்திக்கினு இருக்குதுங்க. இன்னா ஏதுன்னு கேட்டா மூஞ்சியத் திருப்பிக்குதுங்க" என்றார். நோன்பும் இல்லை, சோறும் இல்லை. அல்லாஹ் சாப்பிடு என்று விட்டுக்கொடுத்த பெண்களைப் பட்டினி போட்டிருக்கிறது உன் ரிப்போர்ட்.

இன்றிலிருந்து உன் ஆப்பில் நான் எதையும் தொட மாட்டேன். அனுப்பியதை எல்லாம் அழி.

ஷமீமா


வேப்பம்பட்டு,
19.3.2025

அக்கா,

வஅலைக்குமுஸ் ஸலாம்.

நீ சொன்னபடி செய்தாய். டேட்டா முழுமையாக இல்லை என்று எனக்கு மெயில் வந்துவிட்டது. கான்ட்ராக்ட் புதுப்பிக்கும் மாதத்தில் இப்படி ஒரு மெயில் என்றால் அர்த்தம் உனக்குத் தெரியாது. இந்த ஒரு கம்பெனியை நம்பித்தான் சிப்காட் கிச்சனில் நம் ஊர் ஆட்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கின்றன. உனக்கு ஆபிதா ஒருத்திதான் கண்ணுக்குத் தெரிகிறாள்.

என்னைக் கூசச் சொன்னாய். என் மனைவியை இழுத்தாய். அதை ஷஹனாஸிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் அவள் இந்த ஜென்மத்தில் உன் வாசல் மிதிக்க மாட்டாள்.

இருந்தாலும் பழைய மெயில்களைத் தேடிப் பார்த்தேன். நீ கேட்டதற்காக அல்ல, எனக்காக. ரமலான் முதல் வாரத்து ரிப்போர்ட்டுக்குப் பார்த்திபன் பதில் போட்டிருக்கிறார். 'மதிய உணவுக்குக் காரணம்' பகுதி ஆள் திட்டமிடலுக்கு உதவியாக இருக்கிறது, கர்ப்பம் என்று வருகிறவர்களைத் தனியாகக் குறித்து அனுப்பவும் என்று. நான் அதற்கு நன்றி என்று பதில் போட்டிருக்கிறேன். அன்றைக்கே மறுபடி அனுப்பிய ரிப்போர்ட்டில் ஒரே ஒரு நம்பர் மஞ்சள் கலரில் போயிருக்கிறது.

அன்றைக்கு நான் அதைப் படித்தது சாப்பாட்டுக்காரனாக. சத்துணவு ஏதாவது கொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும் அதுதான் நிஜம்.

நேற்று உட்கார்ந்து ஆப்பில் அந்தப் பகுதியையே எடுத்துவிட்டேன். பழைய பதிவுகள் அத்தனையும் அழித்தாகிவிட்டது. நீ கேட்டதைச் செய்துவிட்டேன். இத்தோடு விடு.

ரஃபி


பழவேற்காடு,
22.3.2025

ரஃபி,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் வீட்டில் அழித்தால் பார்த்திபன் வீட்டில் அழிந்துவிடுமா? அவனிடம் இருப்பது இருக்கிறது. ஆபிதாவுக்கு உதவ இருந்ததுதான் போய்விட்டது. அழி என்று நானே சொன்னேன். அப்போது எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை ஆபிதாவும் ரவூபும் திருவள்ளூர் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய் மனு கொடுத்தார்கள். போகிற வழியில் திருநின்றவூரில் இறங்கி அவள் ஒரு கடையோரம் உட்கார்ந்துவிட்டாளாம், அவ்வளவு மயக்கம். அந்த அம்மா, அங்கே இருக்கும் அலுவலர், பொறுமையாகக் கேட்டாராம். கர்ப்பத்துக்காக நிறுத்தினால் தப்பு, கம்பெனியைக் கூப்பிட்டு விசாரிக்கலாம். ஆனால் நீ கர்ப்பம் என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும் என்பதை எப்படிக் காட்டுவாய்? நீதான் யாரிடமும் சொல்லவில்லையே? இதுதான் கேள்வி.

அதைக் காட்ட உலகத்தில் ஒரே ஒரு காகிதம்தான் இருக்கிறது. உன்னிடம் இருக்கிறது. அந்த மெயிலையும் உன் மஞ்சள் கலரையும் பிரிண்ட் எடுத்து அந்த அம்மாவிடம் கொடு. மெயிலையும் அழித்துவிட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதே.

ஊரில் இப்போது எல்லோருக்கும் தெரியும். மாமியார்க்காரி ஆபிதாவைச் சும்மா விடுவதில்லை. வீட்டு மனுஷிக்குச் சொல்லாமல் கம்பெனிக்காரனுக்குச் சொன்னாயா என்று ஒரே ஏச்சு. அவள் வேலையைத்தான் திருப்பிக் கேட்கிறாள். அதையாவது வாங்கிக் கொடு.

ஷமீமா


வேப்பம்பட்டு,
25.3.2025

அக்கா,

மெயில் இருக்கிறது. கொடுக்க முடியாது.

கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தில் அவர்கள் அனுப்பும் எந்தத் தகவலையும் வெளியே காட்டக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கொடுத்தால் கான்ட்ராக்ட் அன்றைக்கே போகும். என் மேல் கேஸ் வரும். சிப்காட்டில் வேறு கம்பெனிக்காரன் எவனும் என்னைக் கேட்டுக்குள் விட மாட்டான்.

அத்தா இறந்த பிறகு இந்தக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது இந்தச் சோறுதான். உனக்கும் அதில் பங்கு உண்டு. ஆபிதாவுக்கு வேறு வேலை நான் பார்த்துத் தருகிறேன். நம் கிச்சனிலேயே தருகிறேன். உட்கார்ந்து காய் நறுக்கட்டும், பிள்ளை பெறும் வரை சம்பளம் கொடுக்கிறேன். அதைச் சொல்லிப் பார்.

தெருக்காரிக்காகத் தம்பியைத் தெருவில் நிறுத்தாதே.

ரஃபி


பழவேற்காடு,
28.3.2025

ரஃபி,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ உன் கடிதத்தில் ஸலாமை விட்டுவிட்டாய். அவசரம் போலிருக்கிறது.

நீ சொன்னதை ஆபிதாவிடம் சொன்னேன். "அங்கே நான் மெஷின் ஓட்டினேன்கா. இன்னா தப்பு பண்ணேன்னு உங்க ஊட்டுல காய் நறுக்கணும்?" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

கம்பெனியின் தகவலை வெளியே காட்டக் கூடாது என்று கையெழுத்து இருக்கிறது. ஆபிதாவின் வயிற்றைப் பற்றிய தகவலை வெளியே காட்டக் கூடாது என்று எங்கேயாவது கையெழுத்து வாங்கினாயா? சீராய்வு, சீராய்வு என்கிறாயே, எத்தனை மாதம் உட்கார்ந்து பார்த்தாய். அந்த ஒரு இடத்தை ஏன் பார்க்கவில்லை?

இன்று வெள்ளிக்கிழமை, ஜும்ஆ. துஆ செய்துவிட்டுப் புறப்பட்டேன். தனியாகவே போனேன். பொன்னேரி வந்து, அங்கிருந்து பஸ் மாறி திருவள்ளூர். அலுவலக அம்மாவிடம் என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். ஆபிதா கர்ப்பம் என்பதை என்னிடம் சொன்னாள், நான் அதை என் தம்பி ரஃபி நடத்தும் கேட்டரிங் கம்பெனியின் ஆப்பில் பதிந்தேன், அது கம்பெனிக்குப் போனதை என் தம்பி எனக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறான். இவ்வளவுதான் எழுதினேன். உன் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். மஞ்சள் கலரைப் பற்றி நீ எழுதிய கடிதத்தை. பிரிண்ட் எடுத்தாலும் அடியில் நீ கையெழுத்துப் போட்டிருந்தாய்.

என் தம்பியை நான் காட்டிக்கொடுத்தேன் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும்.

அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி உன்னையும் கம்பெனியையும் கூப்பிடுவார்கள். அங்கே வந்து என் அக்காவுக்கு ஒன்றும் தெரியாது, படிக்காதவள் என்று சொல்லலாம். மெயிலைக் கொடுக்கவும் செய்யலாம். பெருநாளைக்கு நீ வர வேண்டாம். பிள்ளைகளையும் ஷஹனாஸையும் அனுப்பு.

ஷமீமா


வேப்பம்பட்டு,
11.4.2025

அக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

பெருநாளைக்கு அவர்களையும் நான் அனுப்பவில்லை. அவ்வளவு கோபம் எனக்கு. இன்னும் இருக்கிறது. என் கடிதத்தை நீ அங்கே கொடுத்ததை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

ஒன்பதாம் தேதி நடந்ததை என் வாயால் நீ கேட்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

படிக்காதவள் என்று சொல்லத்தான் போனேன். ஷஹனாஸிடம்கூட அப்படித்தான் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். கம்பெனி சார்பில் பார்த்திபனும் இன்னொருவரும் வந்திருந்தார்கள். ஆபிதாவும் ரவூபும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். கேன்டீனில் இருந்து அப்படி எந்தத் தகவலும் நாங்கள் கேட்டதில்லை, சாப்பாட்டுக்காரர் தானாக எதையாவது அனுப்பியிருந்தால் அதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார் பார்த்திபன். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். ஆறு வருஷமாக அந்த ஆளுக்குப் பெருநாள் பிரியாணி அனுப்பியிருக்கிறேன்.

அப்போது ஆபிதா என் பக்கம் திரும்பினாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

"அண்ணே, நான் பசிக்குதுன்னு தானே கேட்டேன். அதை எதுக்கு எழுதினீங்க?"

சோறு வீணாகக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்கு அவள் சாப்பிடுவாள் என்று தெரிந்தால் போதும். ஏன் சாப்பிடுகிறாள் என்று எதற்கு? இந்த மூன்று மாதமாக நான் எழுதிய சீராய்வில், இதை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்ற இடத்தில் சேவைத் தரம் மேம்பட என்று எழுதி வைத்திருக்கிறேன். அதை அவள் முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை. போனை எடுத்து மெயிலைத் திறந்து அந்த அம்மாவின் மேஜையில் வைத்தேன்.

பார்த்திபனோடு வந்தவர் வெளியே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். வருகிற இருபத்தொன்றாம் தேதியிலிருந்து ஆபிதாவை அதே லைனில் எடுத்துக்கொள்கிறோம், பிரசவ விடுப்பும் தருகிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

நான் கும்மிடிப்பூண்டி வந்து சேர்வதற்குள் கான்ட்ராக்ட் ரத்து என்று மெயில் வந்துவிட்டது. கிச்சனில் அரிசி ஊறிக்கொண்டிருந்தது. ஆட்களிடம் சொல்லும்போது கோபால் மட்டும் வண்டியைக் கழுவப் போய்விட்டார்.

நீ கேட்டது கிடைத்துவிட்டது. திருப்தியா? நான் ஆபிதாவைப் பார்த்து மன்னிப்புக் கேட்க ஊருக்கு வரலாம் என்று நினைக்கிறேன். வரலாமா என்று எழுது.

ரஃபி


பழவேற்காடு,
23.4.2025

தம்பி ரஃபிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

திருப்தி இல்லை. உன் மேல் இருந்த கோபத்தில் பாதி போயிருக்கிறது, பாதி இருக்கிறது. போன பாதி எப்போது போனது என்று கேட்டால், நீ வாய் வரவில்லை என்று எழுதிய இடத்தில். கிச்சன் ஆட்களுக்கு வேறு வழி பார்ப்போம். மீஞ்சூர் பக்கம் ஒரு மண்டபத்தில் சமையலுக்கு ஆள் கேட்கிறார்கள், கோபாலிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆபிதா திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். பஸ் வரும் இடத்துக்கு நானும் போய் நின்றேன். ஏதாவது பேசுவாள் என்று ஒரு நப்பாசை. ஸலாம் சொன்னேன். பதில் ஸலாம் சொன்னாள். சொல்லாமல் விட்டால் குற்றம், அதனால் சொன்னாள். கையில் ஒரு தூக்கு இருந்தது. வீட்டிலேயே கட்டிக்கொண்டு போகிறாள். உள்ளே என்ன என்று என் வாய் வரைக்கும் வந்தது. பெண்ணாகப் பிறந்தவளுக்கு இன்னொரு பெண்ணிடம் கேட்கச் சாதாரணமான கேள்விதான். கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கிற உரிமை எனக்குப் போய்விட்டது.

நீ ஊருக்கு வா. வெள்ளிக்கிழமை வா, ஷஹனாஸையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. நேராக நம் வீட்டுக்கு வா. ஆபிதா வீட்டுப் பக்கம் போகாதே. நீ போய் மன்னித்தேன் என்று சொல் என்று நின்றால், அவள் உனக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். அவளைப் பதில் சொல்ல வைத்தது போதும்.

அக்கா
ஷமீமா